வெப்பம் வரையும் படம்: சோதனைச் சுண்டெலியும் புற்றுக்கட்டியும்

உடல் சுடுகிறதா என்று அறிய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மருத்துவரை அழைப்பதற்கு முன்பே தாயின் கை அந்தச் சோதனையை முடித்துவிடும். சூடு நோயின் அறிகுறி என்னும் கருத்து பிற நாடுகளிலும் பழமையானதே. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் அறிஞர், சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக எழுதிவைத்தார்.

இந்தச் சூட்டைத் தொடாமலே அறியும் கருவியை 2020ஆம் ஆண்டில் நம்மில் பலர் நேரில் கண்டோம். கொரோனாத் தொற்று பரவிய அந்நாட்களில் விமான நிலையங்களிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் வெப்பக் காமிராக்கள் நிறுவப்பட்டன. வரிசையில் சென்ற மக்களின் உருவங்கள் திரையில் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகக் கடந்து சென்றன. அதே வகைக் காமிராவைப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சாலைகளில் 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் மீதும் திருப்புகிறார்கள். அதன் தோலுக்கடியில் உள்ள கட்டி வளர்கிறதா, மருந்துக்கு அடங்குகிறதா என்பதை அப்பிராணிக்கு ஊறு செய்யாமல் அறிய முடியுமா என்பதே அங்கு எழும் வினா.

வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. வெப்பக் காமிரா கட்டியைக் காண்பதில்லை. தோலின் சூட்டையே காண்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தவர்களுக்கு அக்கருவி நல்ல துணையாகிறது. மறந்தவர்களை அது ஏமாற்றியும் இருக்கிறது. இது எலிகளோடு நின்றுவிடும் செய்தியன்று. நம் வீட்டுப் பெண்மக்களின் உயிரையும் தொடுவது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கண் காணாத ஒளி

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானியல் அறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தி, ஏழு நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறமும் எவ்வளவு சூடு தருகிறது என்று வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்தபோதும் வெப்பமானி ஏறிற்று. கண் காணாத கதிர் ஒன்று அங்கே உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது. அதனையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். 1840ஆம் ஆண்டில் அவர் மகன் ஜான் ஹெர்ஷெல், கரி பூசிய தாளை ஆல்கஹாலில் நனைத்து, கதிரவனின் வெப்பம் பட்ட இடங்களில் அது விரைந்து உலர்வதைக் கொண்டு வெப்பத்தின் படத்தை வரைந்து காட்டினார்.

சூடுள்ள எப்பொருளும் இத்தகைய கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் கதிர் கண்ணுக்கே புலப்படும். மனிதத் தோலும் எலியின் தோலும் வெளியிடும் கதிரோ கண்ணுக்குப் புலப்படாது. அதன் அலைநீளம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. நம் கண் காணும் ஒளியின் அலைநீளத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல். 1930களில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹார்டி, இக்கதிரைப் பொறுத்தவரை மனிதத் தோல் கறுப்பாயினும் வெளுப்பாயினும் ஒன்றே போல் நடந்துகொள்கிறது என்று காட்டினார். ஏட்டில் எழுதப்படும் முழுக் கரும்பொருளுக்கு மிக அணித்தாகவே தோல் கதிர் வீசுகிறது. ஆகவே, தோலிலிருந்து வரும் கதிரை அளந்தால் தோலின் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம்.

இன்றைய காமிராவில் இப்பணியைச் செய்வது மைக்ரோபோலோமீட்டர் எனப்படும் நுண்ணிய தகடுகளின் வரிசை. வனேடியம் ஆக்ஸைடு போன்ற பொருளால் ஆன அத்தகடு கதிர் பட்டதும் மிகச் சிறிதளவு சூடேறுகிறது; அதனால் அதன் மின்தடை மாறுகிறது; அம்மாற்றத்தை எண்ணாக்கி, எண்ணுக்கு ஒரு நிறம் கொடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். அதனால் இக்காமிராவின் வில்லையை ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் செய்வது வழக்கம். எலிகள் வாழும் பிளாஸ்டிக் கூண்டின் சுவர் வழியாகவும் இக்காமிராவால் பார்க்க இயலாது. மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும்.

இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, திரையில் காணும் நிறம் காமிரா கண்ட நிறமன்று. வெப்பம் என்னும் ஒரு மொழியிலிருந்து வண்ணம் என்னும் மற்றொரு மொழிக்குச் செய்த பெயர்ப்பு அது. எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்பதைக் கருவியை இயக்குபவரே வகுக்கிறார். அரை டிகிரி வேறுபாட்டைக்கூட நீலத்திற்கும் சிவப்பிற்கும் இடையேயுள்ள பெரும் பேதமாகக் காட்ட அவரால் முடியும். படத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர் மயங்கவே செய்வார்.

இரண்டாவது, நுட்பம் வேறு, துல்லியம் வேறு. நல்ல காமிரா அருகருகே உள்ள இரண்டு இடங்களுக்கிடையே 0.05 டிகிரி வேறுபாட்டையும் பிரித்தறியும். ஆனால் ஓரிடத்தின் உண்மையான வெப்பநிலையைச் சொல்லும்போது 2 டிகிரி வரை முன்பின்னாகப் பிசகக்கூடும். ஆதலால் இக்கருவியிடம் ‘இவ்விடம் எத்தனை டிகிரி?’ என்று கேட்பதைவிட, ‘இவ்விடம் அவ்விடத்தைவிட எவ்வளவு மாறுபட்டது?’ என்று கேட்பதே முறை.

கட்டியும் குருதியும்

புற்றுக்கட்டியின் மேலுள்ள தோல் ஏன் வெப்பத்தில் மாறுபட வேண்டும்? இதற்குக் காரணங்கள் இரண்டு. உயிரணுக்கள் தம்முள் சர்க்கரையைச் செலவழிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக விழுங்குபவை என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். இது ஒன்று. மற்றொன்று இரத்த ஓட்டம். கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கெனப் புதிய இரத்த நாளங்களை வருவித்துக்கொள்ள வேண்டும் என்று 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எடுத்துரைத்தார். உடலின் உட்பகுதியிலிருந்து வெப்பத்தைத் தோலுக்குச் சுமந்து வருவது குருதியே அல்லவா? ஆகவே, நாளங்கள் பெருகிய இடத்தில் தோல் சுடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

நீறு பூத்த நெருப்பைப் போலக் கட்டி தோலின் கீழே கனன்றுகொண்டிருக்கும், காமிரா அக்கனலைக் காட்டிக்கொடுக்கும் என்பதே முதலில் எழுந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் நிலைத்தது என்பதை அறியச் சோதனைச்சாலைக்குள் நாம் நுழைய வேண்டும்.

சுண்டெலியும் அளவியும்

புதிய புற்றுநோய் மருந்துகளைப் பெரும்பாலும் முதலில் சுண்டெலிகளிடமே சோதிக்கிறார்கள். மனிதப் புற்றணுக்களைச் சாதாரண எலிக்குள் செலுத்தினால் அதன் தற்காப்பு ஆற்றல் அவற்றை அழித்துவிடும். இத்தடையை நீக்க உதவியது உரோமமற்ற ஒரு வகைச் சுண்டெலி. அவ்வகையை 1966ஆம் ஆண்டில் ஃபிளானகன் என்னும் அறிஞர் விவரித்து எழுதினார். இரண்டாண்டுகளுக்குப் பின், அவ்வெலிக்குத் தைமஸ் சுரப்பி இல்லையென்பதும், அதனால் அயலான அணுக்களை எதிர்க்கும் வன்மை அதற்குக் குறைவு என்பதும் தெரியவந்தன. 1969ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர்கள் மனிதக் குடற்புற்றை அவ்வெலியில் வளர்த்துக் காட்டினார்கள். உரோமம் இல்லாமை வெப்பக் காமிராவுக்கும் வாய்ப்பாயிற்று. உரோமம் கம்பளிபோல் வெப்பத்தை மறைத்துவிடும் அல்லவா?

கட்டி வளர்வதை அளக்க இன்றும் பெரிதும் பயன்படுவது பள்ளிக்கூடத்துப் பௌதிக வகுப்பில் நாம் கையாண்ட வெர்னியர் அளவியே. கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அகலத்தை இருமுறையும் நீளத்தை ஒருமுறையும் பெருக்கி, இரண்டால் வகுத்தால் பருமன் கிடைக்கும். நீளம் 10 மில்லிமீட்டர், அகலம் 8 மில்லிமீட்டர் எனில் பருமன் 320 கன மில்லிமீட்டர். எலி துள்ளியதாலோ கை சற்றுத் தளர்ந்ததாலோ அகலத்தை 9 என்று குறித்துவிட்டால் விடை 405 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர்ப் பிழை கணக்கில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருகிவிடுகிறது! இருவர் அளந்தால் இரண்டு விடை வருவதும் உண்டு. அன்றியும், கட்டி உள்ளேயே செத்துக்கொண்டிருந்தாலும் அதன் வெளியளவு உடனே குறைவதில்லை.

வேறு முறைகளும் இருக்கின்றன. மின்மினியின் ஒளி தரும் மரபணுவைப் புற்றணுவில் புகுத்தி, அது மினுக்குவதைப் படமெடுக்கலாம். அதற்கு அணுக்களை முன்பே மாற்றியமைக்க வேண்டும், எலிக்கு ஊசியும் மயக்கமும் தரவேண்டும். காந்த அதிர்வுப் படம் மிகத் தெளிவானது, செலவோ மிகுதி. இவற்றிடையே, ஊசியின்றி, கதிர்வீச்சைச் செலுத்தாமல், எலியைத் தொடாமல், சில விநாடிகளில் படம் தரும் வெப்பக் காமிரா ஆராய்ச்சியாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

படமெடுக்கும் முறை

ஆயினும், எலியின் உடல்வெப்பம் எளிதில் அலைவுறுவது. உடல் சிறிதாதலின் அது வெப்பத்தை விரைவில் இழக்கிறது. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே உடல்வெப்பம் இறங்கத் தொடங்கும். மயக்கமின்றிக் கையில் பிடித்தாலோ அச்சத்தால் உடல்வெப்பம் ஏறும். எலி இரவில் நடமாடும் பிராணியாகையால் இரவில் அதன் உடல் மிகுதியாகச் சுடும். தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்னும் திசு இருக்கிறது. குளிரில் வெப்பத்தை உண்டாக்குவதே அதன் தொழில். அவ்விடம் நோயின்றியே படத்தில் பளிச்சிடும். கட்டியை அதன் அருகில் வைத்தவர் எதைப் படமெடுத்தோம் என்று அறியாமல் திகைக்க நேரும்.

இவற்றையெல்லாம் கருதி, நல்ல சோதனைச்சாலைகளில் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள். எலிகளைப் படமெடுக்கும் அறைக்கு முன்னதாகவே கொணர்ந்து பழக விடுகிறார்கள். மின்விசிறியின் காற்றோ சன்னல் வெயிலோ படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் ஒரே வேளையில் எடுக்கிறார்கள். உரோமமுள்ள எலியாயின் அதனை மழித்து, மழித்ததனால் உண்டான எரிச்சல் தணியும்வரை காத்திருக்கிறார்கள். வெப்பநிலை நன்கு தெரிந்த ஒரு கரும்பொருளையும் அதே படத்தில் வைத்துக் காமிராவின் பிசகைத் திருத்துகிறார்கள். கட்டியை ஒரு விலாவில் வைத்து, மறு விலாவின் அதே இடத்தை ஒப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வாறு ஒவ்வோர் எலியும் தனக்குத்தானே அளவுகோலாகிறது. அறை சற்றுச் சூடானால் இரு விலாவும் சேர்ந்தே மாறும்; இடையிலுள்ள வேறுபாடே உண்மையைச் சொல்லும்.

குளிர்ந்து காட்டிய கட்டி

இத்துணைக் கவனத்தோடு எடுத்த படங்கள் காட்டியது என்ன? எதிர்பார்த்ததற்கு நேர்மாறானதை! சுண்டெலியின் தோலடியில் வளர்த்த கட்டிகள் பல, சுற்றியுள்ள தோலைவிடக் குளிர்ந்தே காணப்பட்டன. கட்டி பெருக்கப் பெருக்க அவ்விடம் மேலும் குளிர்வதும் உண்டு.

காரணத்தை எண்ணிப் பார்த்தால் புதிர் அவிழும். கட்டி வருவித்துக்கொள்ளும் நாளங்கள் ஒழுங்கற்றவை. முறுக்கேறியும் கசிந்தும் கிடப்பவை. கட்டி விரைந்து பெருக்கும்போது அவை ஈடுகொடுக்க மாட்டா. நடுப்பகுதிக்குக் குருதி எட்டாமல் அங்குள்ள அணுக்கள் மடிகின்றன. மடிந்த திசு வெப்பத்தை உண்டாக்குவதுமில்லை. வெப்பத்தைச் சுமந்துவரும் குருதியும் அங்கில்லை. உடலினின்று வெளியே துருத்தி நிற்கும் அம்மேடு அறைக்காற்றில் ஆறிப்போகிறது. கட்டியின் சொந்தக் கனல் என்று நாம் கருதியது உண்மையில் மிகச் சிறிது. தோலின் சூட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குருதி ஓட்டமே.

இதிலிருந்து தெளிவாவது, ‘சூடானால் கட்டி வளர்கிறது, குளிர்ந்தால் கட்டி தேய்கிறது’ என்னும் எளிய வாய்பாடு செல்லாது என்பதே. குளிர்ந்த கட்டி மருந்தால் செத்த கட்டியாகவும் இருக்கலாம். குருதிக்கு எட்டாத அளவு பெருத்துவிட்ட கட்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வெர்னியர் அளவியும், இறுதியில் நுண்ணோக்கியும் துணை நிற்க வேண்டும். வெப்பப் படம் கட்டியின் பருமனை அளக்கும் கோலன்று. அதன் குருதி ஓட்டத்தைக் குறிப்பால் உணர்த்தும் சாட்சி.

எங்கே அது பயன்படுகிறது

சாட்சி என்று உணர்ந்து கேட்டால் அது பயனுள்ளவற்றைச் சொல்கிறது. கட்டியின் இரத்த நாளங்களையே தாக்கும் மருந்துகள் இருக்கின்றன. அத்தகைய மருந்து சில மணி நேரத்தில் குருதி ஓட்டத்தைக் குறைத்துவிடலாம். கட்டி சுருங்குவதற்கோ பல நாட்கள் ஆகும். அளவி ஒன்றும் அறியாதிருக்கும் வேளையில், இரு விலாக்களுக்கிடையே உள்ள வெப்ப வேறுபாடு மாறத் தொடங்கியிருக்கும். தோலைச் சிறிது நேரம் குளிர்காற்றால் ஆற்றி, மீண்டும் சூடேறும் வேகத்தைத் தொடர்ந்து படமெடுக்கும் முறையும் உண்டு; நாளங்கள் மிகுந்த இடமும் குறைந்த இடமும் மீளும் வேகத்தில் வேறுபடும்.

பொன்னின் நுண்துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, லேசர் ஒளியால் அவற்றைச் சூடாக்கிக் கட்டியைச் சுட்டழிக்கும் ஆராய்ச்சியில் இக்காமிரா இன்றியமையாத கருவியாகிவிட்டது. அங்கே அறிய வேண்டுவது வெப்பநிலையேயன்றி வேறில்லை. கட்டி அழியும் அளவுக்குச் சூடாயிற்றா, சுற்றியுள்ள நல்ல தோல் தப்பியதா என்பதைக் காமிரா அப்போதைக்கப்போது சொல்லிவிடுகிறது.

வெப்பத்தைப் பற்றிய மற்றொரு பாடத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சுண்டெலிக்கு உகந்த சூழல் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். ஆனால் மனிதருக்கு வசதியான 22 டிகிரி அளவிலேயே எலிகளின் அறைகள் பல நாடுகளில் பராமரிக்கப்படுகின்றன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தார் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த அறையில் வாழ்ந்த எலிகளில் கட்டிகள் விரைந்து வளர்ந்தன. 30 டிகிரியில் வாழ்ந்தவற்றில் மெதுவாக வளர்ந்தன. குளிரைத் தாங்கும் முயற்சியில் எலியின் தற்காப்பு ஆற்றல் குன்றியதே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். பிராணியின் வசதியைப் புறக்கணித்தால் ஆராய்ச்சியின் விடையே கோணிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சோதனையில் கருணை

பிராணிகளைக் கொண்டு சோதனை செய்வது தகுமா என்னும் கேள்வி நம் நாட்டில் புதியதன்று. 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், பிராணிவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வித்திட்டது. 1962ஆம் ஆண்டில் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் அவரே. இச்சட்டம் ஆராய்ச்சியைத் தடைசெய்யவில்லை. தவிர்க்கக்கூடிய சோதனையைத் தவிர்க்க வேண்டும், செய்வதை உரிய கவனத்தோடும் கருணையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 1998ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பின், பிராணிச் சோதனை நிகழும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கென நெறிமுறைக் குழு ஒன்று இருந்து, ஒவ்வொரு சோதனையையும் முன்கூட்டி ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும்.

இவ்வகை விதிகளைத் தமிழிற் பெயர்க்கும் நம்போன்றோர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் கருத்து ஒன்று உண்டு. பிராணியின் துன்பம் எந்த அளவை எட்டியதும் சோதனையை நிறுத்திவிட வேண்டும் என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவதே அது. ‘கருணை எல்லை’ என்று அதனைச் சொல்லலாம். கட்டியின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மீறலாகாது என்பது பல நெறிமுறைகளில் காணப்படும் வரம்பு. நோய் முற்றிய எலியின் உடல்வெப்பம் இறங்குவது அதன் இறுதி நெருங்குவதற்கு அடையாளம். தொடாமலே அதனைக் காட்டும் காமிரா, எலி வீணே துன்புறுமுன் அதற்கு விடுதலை அளிக்க உதவும்.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் எழுதிய நூல், பிராணிச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தது. இயன்ற இடத்தில் பிராணிக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுக, எண்ணிக்கையைக் குறைத்திடுக, துன்பத்தைத் தணித்திடுக என்பன அவை. நோயின் ஒவ்வொரு கட்டத்தையும் அறிய ஒவ்வொரு தொகுதி எலிகளைக் கொன்று பார்க்க வேண்டியிருந்த இடத்தில், ஒரே தொகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவர முடிந்தால் எண்ணிக்கை குறைகிறது. பிடித்து அமுக்காமல் பார்க்க முடிந்தால் துன்பம் தணிகிறது. வெப்பக் காமிராவின் உண்மையான சிறப்பு இங்கேதான்.

மனிதருக்கு வந்த சோதனை

இனி, எலியினின்று மனிதருக்கு வருவோம். 1956ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ரே லாசன் என்னும் மருத்துவர், மார்பகப் புற்று உள்ள பெண்களின் மார்பகத் தோல் மற்றப் பக்கத்தைவிடச் சுடுகிறது என்று எழுதினார். பெரும் நம்பிக்கை பிறந்தது. வலியில்லை, கதிர்வீச்சில்லை, தொடுவதுகூட இல்லை. இதைவிட என்ன வேண்டும்? 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய மாபெரும் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராம் எனப்படும் எக்ஸ்ரே சோதனையோடு வெப்பப் படமும் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வெப்பப் படத்தைக் கைவிட நேர்ந்தது. மேமோகிராம் கண்டுபிடித்த புற்றுகளில் பெரும்பகுதியை அது காணவில்லை.

ஏன் என்பதை எலி நமக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆழத்தில் உள்ள சிறு கட்டியின் வெப்பம் தோலை எட்டுமுன் நாற்புறமும் பரவி மங்கிவிடுகிறது. மெல்ல வளரும் கட்டி தோலைச் சூடாக்குவதே இல்லை. மாறாக, கிருமித் தொற்றும், இயற்கையாகவே பருத்த ஒரு நாளமும் வீண் அச்சத்தை உண்டாக்கும். 1982ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவியை வேறு சோதனைக்குத் துணையாக மட்டுமே அனுமதித்தது. மேமோகிராமுக்கு மாற்றாக இதனை நம்ப வேண்டாம் என்று 2011ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் எச்சரித்தது.

நம் நாட்டில் கணினியின் துணைகொண்டு வெப்பப் படத்தை நுணுகிப் படிக்கும் புதிய முயற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றை இகழ வேண்டுவதில்லை. ஆனால், ஒரு சோதனை முறை நல்லதா என்பதற்கு உரைகல் அதன் படத்தின் அழகன்று; அதனால் எத்தனை உயிர் காக்கப்பட்டது என்பதே. அந்த உரைகல்லில் தேறிய முறை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இரண்டாண்டுக்கொரு முறை கையால் தொட்டு மார்பகத்தைச் சோதித்த பெண்களில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இம்முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விலையுயர்ந்த காமிரா செய்து காட்டாததைப் பழகிய கை செய்து காட்டிற்று!

தாயகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் குடியிருப்புகளிலும் அலுவலகங்களிலும் உடல்நலச் சோதனை முகாம்கள் அடிக்கடி நடைபெறுகின்றன. மொழி அரைகுறையாகப் புரியும் ஊரில், வண்ணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து ‘குறையொன்றுமில்லை’ என்று சொன்னால் நிம்மதியோடு திரும்பிவிடுவது எளிது. அத்தகைய வேளையில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: இது மேமோகிராமா, வெப்பப் படமா? இதில் தெரியாமற்போகும் கட்டிகள் உண்டா? இதற்குப் பின் எந்த மருத்துவரிடம் நான் செல்ல வேண்டும்? மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், அங்கிருந்து இரத்தம் கசிதல், தோல் சுருங்குதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வெப்பப் படம் என்ன சொன்னாலும், மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. அரசின் திட்டத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகச் சோதனை செய்ய வழிவகை இருக்கிறது. நாம் வாழும் ஊரின் அரசு மருத்துவ நிலையத்தில் அதுபற்றி விசாரித்து அறியலாம்.

சோதனைச்சாலையில் அக்காமிரா தன் பணியை நன்றாகவே செய்துவருகிறது. அங்கே அதன் அருகில் வெர்னியர் அளவி இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது, மறு விலாவின் ஒப்பளவு இருக்கிறது. தோல் சொல்வதைத் தோல் சொன்னதாகவே அங்கு எழுதிக்கொள்கிறார்கள். கட்டி சொன்னதாக எழுதுவதில்லை. அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.